பலகை காயும் வரை

ஈரத் துணியால் கடைவாசல் கரும்பலகையை மேலிருந்து கீழாக ஒரு தரம், குறுக்காக ஒரு தரம் துடைத்துவிட்டு, அது காயக் காத்திராமல் அவள் எழுதத் தொடங்கினாள். ஈரப் பலகையில் எழுதும்போது எழுத்துத் தெரியாது. கல் உரசும் சத்தம் மட்டும் கேட்கும். வெயில் ஏற ஏற எழுத்து வெள்ளையாக எழும்பி வரும். அப்படி வந்த எழுத்து லேசில் அழியாது.

சைக்கிளில் போனவர்கள் ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு நின்றார்கள். எதிர்த் தேநீர்க்கடையில் இருந்து சிலர் பேணியோடு வந்தார்கள். பலகையின் மேற்பாதியில் தாழ்வாரத்து நிழல் விழும். அதனால் கீழ் வரிதான் முதலில் காயும், மேல் வரி கடைசியாக.

"உவள் வேணுமெண்டுதான் உப்பிடி எழுதுறாள். ஆக்களை நிண்டு பாக்க வைக்கிறதுக்கு," என்றார் நின்றவர்களில் ஒருவர்.

"நிக்கிறியள்தானே," என்றாள் அவள், திரும்பிப் பாராமல்.

ஆழ்வாப்பிள்ளை தேநீர்க்கடையில் தான் இருந்த மர வாங்கை விட்டு எழும்பவில்லை. தெருவுக்கு இந்தப் பக்கம் இருந்தபடியே வாசித்துவிடுவார். அச்சகமொன்றில் புரூவ் பார்ப்பவர். முத்து முத்தான சிறிய எழுத்தில் இருக்கும் பிழையைத் தூக்குகிற கண் அது. அந்தப் பெருமை அவருக்கு உண்டு.

பலகையில் எழுதும் பத்மாசினிக்கு நாற்பது தாண்டியிருக்கும். திருநெல்வேலிக் கூட்டுறவுச் சங்கக்கடையில் சாமான் நிறுப்பது அவள் வேலை, நிறுக்க ஏதும் வந்தால். பலகையின் தலையில் 'இன்றைய இருப்பு' என்று எப்போதோ பெயின்ரால் எழுதியது இன்னும் அழியவில்லை. அதற்குக் கீழே அரிசி, சீனி, மா என்று எழுதிய காலம் ஒன்று இருந்தது. சண்டையில் பாதை பூட்டியபின் லொறி வருவது குறைந்தது. பலகை வெறுமையாகத் தொங்கியது. ஒரு சனிக்கிழமை அவள் அதைத் துடைத்து நாலு வரி எழுதினாள். படிக்க, சாப்பிட, போக, இருக்க. வெண்கட்டி கிடையாது. கிணறு வெட்டிய இடத்தில் பொறுக்கிய சுண்ணாம்புக் கல்லால் எழுதினாள்.

மனேச்சர் நமசிவாயம் வெளியே வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"என்ன பிள்ளை உது? இது சங்கத்தின்ரை பலகை. சாமான் எழுதுறதுக்கு."

"சாமான் வரட்டும் ஐயா. அழிச்சுப்போட்டு எழுதுறன்."

"ஆரும் வந்து கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

"எங்களிட்டை இருக்கிறதை எழுதியிருக்கெண்டு சொல்லுங்கோ."

அவர் உள்ளே போனார். அந்தக் கிழமை 'சாப்பிட' வரியில் இருந்தது சிசிலியா என்ற மனுசி கொழும்புத்துறையில் தன் வீட்டு வாசற் படலையில் வைத்து விற்கும் கூழ். பின்னேரம் மனேச்சரின் சைக்கிள் அந்தப் படலையில் சாத்தியிருந்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள்.

அதன் பிறகு சனிக்கிழமை தவறியதில்லை. ஒரு கிழமை இப்படி இருந்தது:

படிக்க: வாசிகசாலை இரண்டாம் அலுமாரியில் பச்சை நூலால் கட்டிய நாவல். கடைசி இருபது பக்கம் இல்லை. நட்டமில்லை.
சாப்பிட: பண்டத்தரிப்புச் சந்தை வாசலில் ஒடியல் பிட்டு. சூட்டோடு அங்கேயே. வீட்டுக்குக் கொண்டுபோனால் கல்.
போக: உடுப்பிட்டி. வல்லை வெளியில் சோளகக் காற்று முதுகில் பிடித்துத் தள்ளும். திரும்பி வரும்போது என்னைத் திட்ட வேண்டாம்.
இருக்க: குளித்தபின் துவட்டாமல் கிணற்றடியில் சற்று நேரம் நிற்கவும்.

மின்சாரம் இல்லாத ஊர். மண்ணெண்ணெயை மருந்து மாதிரி ஊற்றி, ஜாம் போத்தலில் திரி போட்டு எரித்த காலம். சவர்க்காரத்துக்குப் பதில் பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தார்கள். அப்படிப்பட்ட நாளில் ஒரு மனுசி சந்தியில் நின்று, சந்தோசமாக இருப்பதற்கு இன்னும் என்னென்ன மிச்சம் இருக்கிறதென்று எழுதிக்கொண்டிருந்தாள். ஆழ்வாப்பிள்ளை முதலில் அதை ஒரு பகிடி என்றுதான் நினைத்தார். பிறகு அவள் அதற்காக என்ன செய்கிறாள் என்பதைக் கவனித்தார்.

அந்தந்தக் கிழமை தானே செய்து பாராத எதையும் அவள் எழுதுவதில்லை. ஒரு சாப்பாட்டைப் பற்றி எழுதுவதென்றால் அந்த இடத்துக்கு இரண்டு முறை போவாள். "முதல் நாள் நான் புது ஆள், நல்லதாப் பாத்துத் தருவினம். ரெண்டாம் நாள்தான் வழக்கமா விக்கிற வடை வரும்," என்பாள். ஆண்கள் ஓட்டும் பழைய சைக்கிளில், சங்கிலிக் கவர் கடகடக்க, புழுதியில் பண்டத்தரிப்பு வரை மிதித்துப் போய் ஒரு பிட்டைத் தின்றுவிட்டு வருவாள். மறுபடியும் போவாள். எழுதுவது அரை வரி.

எதிர்த் தேநீர்க்கடைச் செல்வரட்ணத்துக்கு அவள்மேல் தீராத மனத்தாங்கல்.

"ஊரெல்லாம் சுத்தி எழுதுறாய். முன்னாலை கிடக்கிற என்ரை வடை கண்ணிலை படேல்லையோ?"

"ஒவ்வொரு நாளும் தின்னுறன்தானே அண்ணை."

"பிறகென்ன?"

"அதுதான் எழுதேல்லை."

வாங்கில் இருந்தவர்கள் சிரித்ததில் ஒருவருக்குத் தேநீர் புரைக்கேறியது. செல்வரட்ணமும் சிரித்தார். ஆனால் அடுத்த நாளில் இருந்து வடையில் வெங்காயம் கூடியது.

சோளகம் ஓய்ந்து மழை தொடங்கிய நாட்களில், வாங்கில் இருந்தபடி ஆழ்வாப்பிள்ளைக்குப் பலகை தெரியவில்லை. வெள்ளையாக ஏதோ பூசியிருப்பது போல இருந்தது. எழும்பித் தெருவோரம் போனார். சில கிழமை கழித்துத் தெருவைக் கடந்தார். பிறகு பலகைக்கு முன்னால் போய் நின்றார். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. இங்கே வெட்டுவதற்கு மருந்தும் சாமானும் இல்லையென்றும், கொழும்புக்குப் போகாவிட்டால் இருக்கிற பார்வையும் போய்விடுமென்றும் டொக்டர் சொன்னார். அச்சக முதலாளி பிழைகள் இரண்டைக் காட்டி, "கொஞ்ச நாள் வீட்டிலை இருங்கோ அண்ணை," என்றார். கொழும்பிலிருந்த மருமகன் ஆஸ்பத்திரியில் நாள் எடுத்துவிட்டான். பயணத்துக்கு வேண்டிய அனுமதிப் பாஸும் கிடைத்தது. மாதக் கடைசி வரை செல்லும். ஆனால் போகும் பாதை கிளாலிக் கடல். இருட்டில், விளக்கில்லாமல், படகில். கடற்படை கண்டால் சுடும். ஆழ்வாப்பிள்ளை பிறந்ததிலிருந்து படகில் கால் வைத்தவரல்ல. நயினாதீவுத் திருவிழாவுக்குப் புறப்பட்டும் கடலைப் பார்த்துவிட்டுப் படகேறாமல் திரும்பி வந்தவர்.

"குருடனா இருந்தாலும் தரையிலை இருக்கிறன்," என்று தங்கையிடம் சொல்லிவிட்டார்.

ஒரு விஷயம் மட்டும் அவருக்கு விளங்கவில்லை. முன்பு நாலு வரியும் பலகையின் பாதியில் அடங்கும். இப்போது முழுப் பலகையும் போதவில்லை. அவர் வாங்கைவிட்டு எழும்பிய கிழமையில் இருந்தே எழுத்துப் பெரிதாகிக்கொண்டு வந்திருக்கிறது. அவள் அதைப் பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை. அது பிடிபட்ட அன்று அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கோபம்தான் வாயில் வந்தது.

"போக, போக எண்டு எழுதுறீர். எல்லாம் சைக்கிள் போற இடம். ஏன் பிள்ளை கிளாலியை எழுதேல்லை?"

பத்மாசினி துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"நான் போகேல்லையே அண்ணை."

"அப்ப நானும் போகேல்லை. நீர் எழுதும், போறன்." நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். தப்பிவிட்டது போல இருந்தது.

அவள் சிரிக்கவில்லை. "போகாமல் எப்பிடி எழுதுறது?" என்று துணியை உதறிக் காயப்போட்டாள்.

அடுத்த சனிக்கிழமை பலகையில் ஒன்றுமில்லை. கண்தான் மோசமாகிவிட்டதென்று நினைத்து ஆழ்வாப்பிள்ளை பலகையைத் தடவிப் பார்த்தார். கல்லின் தூள் கையில் ஒட்டவில்லை.

"லீவு போட்டிட்டுப் போட்டாள்," என்றார் மனேச்சர். "அலுவல் எண்டாள். என்ன அலுவலெண்டு சொல்லேல்லை."

வியாழக்கிழமை இரவு கடலில் கடற்படை படகுகளுக்குச் சுட்டதென்று ஏற்கெனவே சனம் கதைத்துக்கொண்டிருந்தது. ஆழ்வாப்பிள்ளை சைக்கிளை உருட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தார். அவளுடைய அக்கா பராசக்தி முற்றத்தில் நின்றாள்.

"கிளாலிக்குப் போட்டாள் அண்ணை. அங்காலை இறங்கிப்போட்டுத் திரும்பி வாறாளாம். ஆரைப் பாக்கவெண்டு கேட்டன். ஒருத்தரையும் இல்லையாம். உவளுக்கென்ன விசரே? உங்களுக்கு ஏதும் தெரியுமோ?"

அவர் தெரியாதென்று தலையாட்டினார். படலை வரை வந்தார். திரும்பிப் போய், "ஓம். தெரியும்," என்றார். பராசக்தி ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். பொழுதுபடும் வரைக்கும் அவர் அதில் இருந்தார்.

அந்தக் கிழமை முழுக்கத் தேநீர்க்கடை வாங்கில் வெறும் பலகை இருந்த திக்கைப் பார்த்துக்கொண்டு இருந்தார். செல்வரட்ணம் கேளாமலே பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தார். ஆறியதை எடுத்துப்போய்ச் சூடானதை வைத்தார். ஆழ்வாப்பிள்ளைக்கு இப்போது கண் ஒரு பொருட்டாக இல்லை. தான் பகிடியாகச் சொன்ன ஒரு சொல்லை ஒரு மனுசி தூக்கிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டாள். அவள் திரும்பி வரவேண்டும். அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை தெருவின் அந்தப் பக்கம் ஈரத் துணி பலகையில் அடிபடும் சத்தம் கேட்டது. மேலிருந்து கீழாக ஒரு தரம். குறுக்காக ஒரு தரம்.

ஓட்டமாகத் தெருவைக் கடந்தார். சைக்கிள்காரன் ஒருவன் திட்டிக்கொண்டு விலகினான். கிட்டப் போனபோதுதான் அவளைக் கண்டார். முகம் கறுத்து, மூக்கில் தோல் உரிந்திருந்தது. ஒரு காலில் சீலைத்துண்டு சுற்றியிருந்தது. குரல் அடைத்திருந்தது. அவள் அவரைப் பார்த்தாள், கல்லை எடுத்தாள், எழுதினாள். வழக்கத்தைவிட அதிக நேரம் எழுதினாள். கையை முழுதாக வீசி எழுதினாள்.

பலகை கறுப்பாக, ஈரமாக இருந்தது. சனம் கூடியது.

முதலில் காய்ந்தது கீழ் வரி. ஒவ்வொரு எழுத்தும் நாலு விரல் உயரம்.

திரும்பி வரலாம்.

ஆழ்வாப்பிள்ளை பலகையின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். அதற்கு மேல் வரி எழும்பியது. 'போகலாம்.' அதற்கு மேல், 'பயமாக இருக்கும்.' பிறகு, 'தேசிக்காய் ஒன்று வைத்திருக்கவும், குமட்டினால் மணக்க.' பிறகு, 'படகின் நடுவில் இருக்கவும்.' பிறகு, 'சேறு இழுக்கும். தண்ணீர் வருமுன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்கவும்.' நிழலில் இருந்த மேல் வரி ஈரம் காயாமல் கிடந்தது. அது வரும்வரைக்கும் எல்லாரும் நின்றார்கள். என்ன வருமென்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் நின்றார்கள்.

போக: கிளாலி.

"படிக்க எங்கை? சாப்பிட எங்கை?" என்றார் செல்வரட்ணம்.

"இடமில்லை," என்றாள் பத்மாசினி.

ஆழ்வாப்பிள்ளை வாயைத் திறந்தார். "பிள்ளை, நான் அண்டைக்குச் சும்மா..."

"எழுத்து விளங்குதோ அண்ணை?"

"விளங்குது."

"அப்ப அதுவே காணும்." துணியை உதறிக் காயப்போட்டுவிட்டு, காலை இழுத்து இழுத்து உள்ளே போனாள். உள்ளே கூப்பனோடு ஒரு மனுசி உப்புக்கு நின்றாள். தராசுத் தட்டு இறங்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சங்கக்கடை பூட்டியிருந்தது. ஆழ்வாப்பிள்ளை காலையில் முழுகினார். தங்கை மரத்தில் ஒரு தேசிக்காய் பிடுங்கிக் கொடுத்தாள். பாஸைச் சட்டைப் பையில் வைத்து ஊசி குத்தினார். செல்வரட்ணம் வழிக்கு வடை சுற்றிக் கொடுத்துக் காசு வாங்க மறுத்தார். கொடிகாமம் வரை மினிபஸ் கிடைத்தது. அங்கிருந்து தட்டிவான். அந்தத் திறந்த வாகனத்தின் இருபக்கமும் சனம் தொங்கியது. கச்சாயில் ஒரு இடத்தில் சில்லுப் புதைந்து எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். வழியில் வடையைத் தின்றார். வெங்காயம் கூடுதலாக இருந்தது. பின்னேரம் கிளாலிக்குப் போய்ச் சேர்ந்தார். தென்னைகளுக்குக் கீழே சனம் பொதிகளோடு இருந்தது. பொழுதுபடத்தான் படகு எடுப்பார்கள் என்றார்கள். அவரும் இருந்தார். ஒருவர் வந்து பெயர்களைக் கூப்பிட்டார். அவருடைய பெயரும் வந்தது. எழும்பி மற்றவர்களுக்குப் பின்னால் நடந்தார். கடல் எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியவில்லை. காற்றில் உப்பு மணம் மட்டும் வந்தது.

"அய்யா, தண்ணிக்கு இன்னும் கன தூரம் கிடக்கு," என்றார் பின்னால் வந்தவர்.

"ஓம்," என்றார் ஆழ்வாப்பிள்ளை. குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.