மூச்சுக்கு நாள் பார்த்த கதை

"ஆசனம் படியட்டும்க்கா. அப்புறம் பிராணாயாமம் பாக்கலாம்" என்று டீச்சர் சொன்னதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "படியட்டும்னா எப்போ?" என்று கேட்டேன். யாராவது 'அப்புறம்' என்று சொல்லிவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. பிறவிக் குணம். அம்மா வீட்டில் இதற்காகவே நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

அறுபதுகளின் நடுவில், மாதுங்காவில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஹாலில், சாயங்கால வேளையில் பெண்களுக்கு யோகாசன வகுப்பு நடந்தது. சொல்லிக் கொடுத்தவள் அந்தப் பள்ளிக்கூடத்தின் டிரில் டீச்சர். தாராவியிலிருந்து நடந்தே வருவாள். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். என்னைவிடச் சின்னவள் என்பதால் என்னை அக்கா என்பாள், நான் அவளை டீச்சர் என்பேன். வீட்டுக்காரர்களைப் பற்றி ஒன்றாக உட்கார்ந்து வம்பு பேசுகிற அளவுக்குச் சிநேகம் ஆகிவிட்டதால், இங்கே அவள் என்றே எழுதுகிறேன்.

வகுப்புக்கு வந்த மற்றவர்களுக்கு இடுப்புச் சதை குறைய வேண்டும். எனக்கு வேலை போகாமல் இருக்க வேண்டும்.

ஃபோர்ட்டில் ஒரு பெரிய கம்பெனியில் நான் டெலிபோன் ஆபரேட்டர். போர்டுக்கு முன்னால் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஊரே என் காதுக்குள் வந்து போகும். எந்தச் செக்‌ஷனில் யாருக்குப் பல்வலி, யார் வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதெல்லாம் முதலில் எனக்குத்தான் தெரியும். ஒட்டுக் கேட்பதில்லை, ஆனால் இணைக்கும்போது காதில் விழுவதற்கு நான் என்ன செய்வது? அந்த வேலையை அவ்வளவு ஆசையாகச் செய்தேன். சம்பளம் இல்லாமல் கூப்பிட்டிருந்தாலும் போயிருப்பேன் என்று நினைக்கிறேன். இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

மழைக்காலம் வந்தால் எனக்கு இரைப்பு வரும். டாக்டர் கொடுத்த மாத்திரை கொஞ்சம் கேட்கும், கொஞ்சம் கேட்காது. வாய்க்கு நேரே இருக்கும் மைக்கில் நான் பேசும் வார்த்தைக்கு முன்னால் என் மூச்சுதான் போய் நிற்கும். போன மழைக்கு சேல்ஸ் மேனேஜர் புகாரே கொடுத்துவிட்டார். போனை எடுத்தால் யாரோ பிரைமஸ் ஸ்டவ்வுக்குப் பம்ப் அடிக்கிற சத்தம் வருகிறதாம். எங்கள் சூப்பர்வைசர் ஒரு பார்ஸி அம்மாள். கெட்டவள் இல்லை. என்னைத் தனியே கூப்பிட்டு, "தேக்கோ, அகலே பாரிஷ் மே ஐஸா நஹீ சலேகா" என்றாள். இது இனி நடக்காது, அடுத்த மழைக்கும் இப்படியே என்றால் டிஸ்பாட்ச் என்று அர்த்தம். அதாவது கீழ்த்தளத்தில், தூசிக்கு நடுவில், கவர்களுக்குப் பசை தடவும் வேலை. அங்கே யாரும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. நினைத்தாலே அழுகை வந்தது.

அதனால்தான் மழைக்கு முன்னால் மூச்சைச் சரிபண்ண வேண்டும் என்று வகுப்பில் சேர்ந்தேன். டீச்சரோ புஜங்காசனத்திலும் பச்சிமோத்தாசனத்திலும் என்னைப் போட்டு வளைத்தாளே தவிர, மூச்சுப் பக்கம் வரவே இல்லை. எப்போது என்று கேட்டதற்கு ஒளிக்காமல் பதில் சொன்னாள்.

"எனக்குச் சொல்லிக் குடுத்தவங்க, ஆசனம் ஒரு வருசம் ஆவட்டும்னாங்க. ஏன்னு நான் கேக்கல. உங்கள மாதிரி கேட்டிருக்கணும்."

ஒரு வருஷம். அதற்குள் மழை வந்து போய்விடும். நானும் கீழ்த்தளத்துக்குப் போய்விடுவேன்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவருக்கு டிராம்பேயில் வேலை. காலையில் ஸ்டாஃப் பஸ் தெருமுனைக்கு வந்து ஹாரன் அடிப்பதற்குள் குளித்து, சந்தியாவந்தனம் செய்து, சாப்பிட்டுவிட்டு ஓட வேண்டும். "இதென்ன வேடிக்கையா இருக்கு? பூணூல் போட்ட அன்னிக்கே பிராணாயாமம் பண்ண வெச்சா. எந்த ஆசனம் பண்ணிட்டு வந்தேன் நான்?" என்றார்.

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மாதுங்காவில் எங்கள் கட்டடத்தில் மட்டும் எத்தனை ஆண்கள் தினம் மூக்கைப் பிடிக்கிறார்கள்! தொப்பையோடு தடுக்கில் சரியாக உட்காரக்கூட முடியாதவர்கள் எல்லாம் பிடிக்கிறார்கள். ஏழு வயசுப் பையனுக்கு முதல் நாளே கிடைப்பது எனக்கு மட்டும் ஒரு வருஷம் கழித்தா? ரோஷம் வந்துவிட்டது.

மறுநாள் அவர் பஸ் ஏறியதும் அவருடைய தடுக்கிலேயே உட்கார்ந்தேன். அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கைவிரல் வைக்கும் விதம் எனக்கு அத்துப்படி. ஒரு பக்கம் இழுத்து, இரண்டு பக்கமும் அடைத்து, உள்ளேயே நிறுத்தி, மனசுக்குள் மந்திரம் முடிந்ததும் விட வேண்டும். மந்திரம் எனக்குக் கிடையாது. அதற்குப் பதில் எனக்குத் தலைகீழாகத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன். எங்கள் ஆபீஸ் எக்ஸ்டென்ஷன் வரிசை. அக்கவுண்ட்ஸ், கேஷ், சேல்ஸ், ஷிப்பிங், ஸ்டோர்ஸ் என்று போகும். முதல் நாள் ஷிப்பிங்கிலேயே மூச்சு முட்டியது. போகப் போக ஸ்டோர்ஸைத் தாண்டினேன். அப்புறம் லீகல், கேன்டீன். ஒருநாள் வாட்ச்மேன் கேபின் வரைக்கும் போய்விட்டேன். தலை கிறுகிறுத்தது, காதுக்குள் குப்பென்று அடைத்தது. அதெல்லாம் சக்தி ஏறுகிற அடையாளம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மந்திரத்தை அவர் பஸ்ஸுக்காக ஓட்டுகிற வேகத்துக்கு, அவரைவிட நான்தான் நன்றாகச் செய்கிறேன் என்று ஒரு பெருமை வேறு.

அந்தப் பெருமையோடுதான் ஒரு வெயில்காலக் காலையில் போர்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். மழைக்கு இன்னும் நாள் இருந்தது. சேல்ஸ் மேனேஜர் காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்த கல்கத்தா டிரங்க் கால் வந்தது. பேச வாயைத் திறந்தேன், இருமல் பிடித்துக்கொண்டது. இருமலுக்குப் பின்னாலேயே இரைப்பு. கண்ணில் தண்ணீர் வந்து செருகுகிற வயர் எது, துளை எது என்று தெரியவில்லை. சூப்பர்வைசர் ஓடி வந்து என் கையிலிருந்ததைப் பிடுங்கி இணைத்தாள். டிரங்க் கால் தப்பியது. நான் தப்பவில்லை.

"மழைக்கு முன்னாலேயே இப்படியா? முதல் மழைக்கு நானே உன் பக்கத்தில் ஹெட்செட் போட்டுக்கொண்டு உட்காரப் போகிறேன்" என்று இந்தியில் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. வருத்தமாகச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் டீச்சரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகத்தில் ஆவல்தான் தெரிந்தது.

"எப்படிப் பண்ணுனிய? இங்க உக்காந்து காட்டுங்க. ரொம்ப வேண்டாம், ஷிப்பிங் வரைக்கும் போதும்."

உட்கார்ந்து மூக்கைப் பிடித்தேன். அவள் எனக்கு முன்னால் வந்து பார்த்தாள், பின்னால் போய்ப் பார்த்தாள். கேஷ் தாண்டுவதற்குள் சிரித்துவிட்டாள்.

"யக்கா, தோளு எங்க இருக்குன்னு பாத்தியளா?"

பார்த்தேன். காதுக்குப் பக்கத்தில் இருந்தது. பல் கிட்டியிருந்தது. வயிறு கல்லாக இருந்தது.

"மூச்ச மட்டுமா புடிக்கீய? கால் கட்ட விரலையும் சேத்துல்லா புடிக்கீய" என்றாள். என் கட்டைவிரல் உண்மையிலேயே ஜமுக்காளத்தைக் கவ்விக்கொண்டிருந்தது.

பிறகு அவள் உட்கார்ந்துகொண்டு, "இப்ப என்னய நீங்க பாருங்க" என்றாள். நான் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். தோள் தோளாகவே இருந்தது. விரல்கள் தூங்கின. மூச்சு உள்ளே போனதா, வெளியே வந்ததா என்பதே தெரியவில்லை. கண்ணைத் திறந்ததும், "என்ன தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் தெரியலை டீச்சர்."

"அதான் போலிருக்கு" என்றாள். அவளுக்கே அப்போதுதான் புரிகிறது என்று அவள் முகம் சொன்னது. இரண்டு பேரும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து இதை அலசினோம். மூச்சை மாற்றப் போனால் உடம்பு முழுக்கக் கூட்டுச் சேர்ந்துகொள்கிறது. நான் கேட்காமலே தோளும் தாடையும் வயிறும் உதவிக்கு ஓடி வருகின்றன. அந்த உதவிதான் இரைப்பு உள்ளவளுக்கு வினை. இத்தனை நாள் வளைந்து நிமிர்ந்தது அவற்றைச் சும்மா இருக்கப் பழக்குவதற்காகத்தான் இருக்க வேண்டும். அது படிவதற்கு ஒருத்திக்கு ஒரு வருஷம் ஆகலாம், இன்னொருத்திக்குச் சீக்கிரம் வரலாம்.

"அப்போ தோள் இறங்கினா ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டேன். விடுவேனா?

"மூச்சப் புடிக்கதுக்குத்தான் காத்திருக்கணும். உங்களுக்கு அது வேண்டவே வேண்டாமோ என்னமோ, டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேளுங்க. ஆனா வுடுததுக்கு எதுக்கு நாள் பாக்கணும்? இன்னைக்கே வுடலாம்லா."

இவ்வளவு சுலபமான பதிலை நாங்கள் இரண்டு பேரும் இத்தனை நாள் எங்கே வைத்திருந்தோம் என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

அன்றே ஆரம்பித்தோம். ஒவ்வொரு ஆசனத்திலிருந்தும் இறங்கும்போது மூச்சை மெல்ல விட்டுக்கொண்டே இறங்க வேண்டும். கடைசியில் சும்மா உட்கார்ந்து, விடும் மூச்சிலேயே எக்ஸ்டென்ஷன் வரிசையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தோள் அசைந்தால் நிறுத்திவிட வேண்டும். அடைப்பதும் இல்லை, நிறுத்துவதும் இல்லை. டாக்டரும் சரி என்றார், மாத்திரையை மட்டும் விடாதே என்றார். வாட்ச்மேன் கேபின் வரை போய்க்கொண்டிருந்த நான் கேஷிலேயே தோள் தூக்கி நின்றேன். வெட்கமாக இருந்தது. ஆனால் தலை கிறுகிறுக்கவில்லை, அடுத்த நாள் இருமவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஸ் இல்லாத நாளில், என் கணவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்னா, இன்னிக்கு நிதானமாப் பண்ணுங்கோ, நான் பாக்கணும்" என்றேன். அவர் கம்பீரமாகத்தான் உட்கார்ந்தார். மந்திரத்தைச் சாவகாசமாகச் சொல்லப் போனதும் பாதியிலேயே தோள் ஏறியது, மூக்கோரம் புஸ்ஸென்று காற்று கசிந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"இத்தனை வருஷமா நான் மூக்கைத்தான் பிடிச்சிண்டிருந்தேன் போலிருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு அவரும் நிதானத்துக்கு வந்து, ஒருநாள் ஸ்டாஃப் பஸ்ஸையே கோட்டைவிட்டார். அந்தப் பழியும் என் தலையில்தான் விழுந்தது.

மழை சொன்னபடி வந்தது. முதல் பெரிய மழையன்று தாதரைத் தாண்டியதும் ரயில் நின்று நின்று போயிற்று. நனைந்த புடவையோடு போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தபோதே நெஞ்சு இறுகத் தொடங்கிவிட்டது. பாதிப் பேர் வரவில்லை; வராதவர்கள் அத்தனை பேரும் போன் செய்தார்கள். சூப்பர்வைசர் சொன்னபடியே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, என் போர்டிலேயே தன் ஹெட்செட்டைச் செருகிக்கொண்டாள். கீழ்த்தளத்துப் பசை வாசனை மூக்கில் வந்துவிட்டது.

போர்டில் சாவி என்று ஒரு சின்ன விசை உண்டு. அதைத் தள்ளினால்தான் என் குரல் அடுத்த முனைக்குப் போகும். விளக்கு எரிந்ததும் உடனே தள்ளுவதுதான் என் வழக்கம். அன்றைக்குத் தள்ளவில்லை. முதலில் தோள் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். இறக்கினேன். சாவி மூடியிருக்கும்போதே உள்ளே இருந்ததை எல்லாம் மெல்ல வெளியே விட்டேன். விட்டு முடித்ததும் புது மூச்சு தானாக வந்தது. அது வந்த பிறகுதான் சாவியைத் தள்ளி "குட் மார்னிங்" என்றேன். அடுத்த விளக்குக்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும் அப்படியே.

கொஞ்ச நேரத்தில் சேல்ஸ் மேனேஜரின் விளக்கு எரிந்தது. என் குரலைக் கேட்டதும் அவர் கொஞ்சம் தயங்கினார்.

"புது ஆபரேட்டரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "அந்தப் பம்ப் அடிக்கிற அம்மாளை ஒருவழியாக மாற்றிவிட்டார்களா?"

அவர் மனைவியின் குரல் எனக்குத் தெரியும். அவர் டாக்டரின் நம்பர் எனக்கு மனப்பாடம். யாருடைய போனுக்கு அவர் எழுந்து நின்று பேசுவார் என்பதுகூடத் தெரியும். அவருக்கு என்னிடம் தெரிந்தது ஸ்டவ் சத்தம் மட்டும். சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் வந்தன. சூப்பர்வைசர் திரும்பி என்னையே பார்த்தாள்.

சாவியை மூடி, தோளை இறக்கி, மூச்சை விட்டுவிட்டுத் திறந்தேன்.

"மாற்றவில்லை சார். அந்த அம்மாள்தான் பேசுகிறேன். உங்களுக்கு எந்த நம்பர் வேண்டும்?"

நான் சொன்னது முழுக்க ஒரே மூச்சில் வந்தது. அவர் நம்பரைச் சொன்னார், நான் இணைத்தேன். சூப்பர்வைசர் தன் ஹெட்செட்டை என் போர்டிலிருந்து உருவி, சுருட்டி, கொக்கியில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனாள். அவள் கதவைத் தாண்டும் வரை காத்திருந்தேன். பிறகு சாவியை மூடிவிட்டு, யாருக்கும் கேட்காமல், ஆசை தீர இரைத்துக்கொண்டேன்.