இடம் மாறிய பர்லாங் கல்

நெடுஞ்சாலைத் துறையில் சாலைப் பணியாளனாக முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக வேலை பார்த்தேன். பள்ளத்தில் ஜல்லி போடுவது, ஓரத்துப் புதரை வெட்டுவது, கிலோமீட்டர் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பது, இதுதான் வேலை. ஆரணி ஆற்றை ஒட்டிப் போகும் ஒன்பது கிலோமீட்டர் ரோடு என் பொறுப்பு. காலையில் மண்வெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினால் பொழுது சாயும் வரை பேச்சுத் துணை கிடையாது. மணல் லாரிக்காரன் என் பக்கத்தில் வேகத்தைக் குறைத்தால் என்னை விசாரிக்க என்று நினைத்துவிடக் கூடாது. முன்னால் பள்ளம் இருக்கும். அதற்கும் என்னைத்தான் திட்டிவிட்டுப் போவான்.

எங்கள் ஊரில் எல்லோருக்கும் கொஞ்சம் நிலம் உண்டு. நடவு முடிந்துவிட்டால் ஆற்றில் மணல் அள்ளப் போவார்கள். என் மனைவியும் அப்படித்தான் போனாள். கரைக்கு அடியில் இருக்கும் மணல் நைசாக இருக்கும், பூச்சு வேலைக்கு ஆகும் என்று மேஸ்திரிகள் அதையே கேட்பார்கள். அதனால் கரையை உள்ளே உள்ளே குடைந்துகொண்டு போவார்கள். ஒரு நாள் பகல் பதினோரு மணி இருக்கும், அவள் குனிந்து கூடையை நிரப்பிக்கொண்டிருந்தபோது கரை மொத்தமாக அவள் மேல் சரிந்துவிட்டது. நான் மூன்று கிலோமீட்டர் தள்ளிப் புல் செதுக்கிக்கொண்டிருந்தேன். நான் வந்து சேர்வதற்குள் தோண்டி எடுத்துப் படுக்க வைத்திருந்தார்கள். மூக்கில் இருந்த மணலை யாரோ ஒரு அம்மாள் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். என் மகளுக்கு அப்போது ஏழு வயது.

ஆற்றில் ஒரு சாவு விழுந்தால் மூன்று நாள் யாரும் மணலில் இறங்க மாட்டார்கள். அது எங்கள் ஊர் வழக்கம். நாலாம் நாள் இறங்குவார்கள். அதுவும் வழக்கம்தான். சரிந்து கிடந்த மண்ணைத்தான் முதலில் அள்ளினார்கள், தோண்டுகிற வேலை மிச்சம் பாருங்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, அவளே இருந்திருந்தாலும் அதைத்தான் அள்ளியிருப்பாள். ஆனால் நான் போய்ப் பார்த்தபோது பாதி மண் போயிருந்தது. இன்னும் ஒரு வாரம் போனால் அவள் உயிர் போன இடம் எது என்று எனக்கே தெரியாது. ஆளைக் காப்பாற்றத்தான் துப்பில்லை, அந்த இடமாவது தொலையாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அவள் பேரை எழுதி ஒரு கல் நட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். டயர் பஞ்சரானால் லாரிக்காரன் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க எடுத்துப் போய்விடுவான். ஆனால் சுண்ணாம்பு அடித்து, தலையில் கறுப்புப் பூசிய கல்லை எவனும் தொட மாட்டான். கவர்ன்மெண்டு கல். ஆற்றையே லோடு லோடாகத் தூக்கிப் போகிறவன்கூட அந்தக் கல்லைச் சுற்றிக்கொண்டுதான் போவான்.

எங்கள் ஆபீசுக்குப் பின்னால், மைலுக்கு எட்டு என்று அந்தக் காலத்தில் நட்டிருந்த பழைய பர்லாங் கற்கள் குவிந்து கிடந்தன. மைல் போய்க் கிலோமீட்டர் வந்த காலத்தில் பிடுங்கிப் போட்டவை. வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல், பக்கவாட்டில் எண் செதுக்கியிருக்கும். அதில் ஒன்றை ஆற்றுக்குக் காலியாகப் போன மாட்டு வண்டியில் ஏற்றினேன். வண்டிக்காரர் ஏன் என்று கேட்டதற்கு, "ஆபீஸ் வேலைண்ணா" என்றேன். கரை சரிந்த இடத்துக்கு நேர் மேலே, ரோட்டோரத்தில் முழங்கால் ஆழம் தோண்டி நட்டேன். பெயர் எழுதவில்லை. எழுதினால் வேலை போய்விடும்.

ஆயுத பூஜைக்கு எங்கள் துறையில் கிலோமீட்டர் கல்லுக்குப் படையல் போடுவோம். கல்லைக் கழுவிப் புதுச் சுண்ணாம்பு அடித்து, மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டு, வாழையிலையில் பொரி கடலை வைத்துக் கும்பிடுவது. மற்றவர்கள் தங்கள் எல்லையில் நல்ல கல்லாகப் பார்த்துச் செய்வார்கள். நான் வருஷா வருஷம் இந்தக் கல்லுக்குத்தான் செய்தேன். பட்டப்பகலில், பஸ் போகிற ரோட்டில், என் பெண்டாட்டிக்கு நான் மாலை போட்டுக்கொண்டிருந்தேன், ஒருத்தருக்கும் தெரியாது. சில வருஷம் மகளும் கூட வந்து பொரி தின்றாள். அவளிடமும் சொல்லவில்லை. சின்னப் பிள்ளை, பள்ளிக்கூடத்தில் உளறிவிடுவாள் என்று பயம். அப்புறம் அவள் பெரியவளானாள். சொல்லாமல் இருந்து இருந்து எனக்கு அதுவே பழகிவிட்டது.

நான் ஓய்வு பெற்ற வருஷம் ஒரு கல்லூரியிலிருந்து வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் பத்துப் பிள்ளைகளோடு வந்தார். பழைய ரோட்டுக் கற்களைத் தேடிக் கணக்கெடுக்கிறார்களாம். எங்கள் எல்லையில் நட்டபடி அவர்களுக்குக் கிடைத்தது இந்த ஒரே கல். ஆனால் பழைய வரைபடத்தின்படி அது இருக்க வேண்டிய இடம் இன்னும் வடக்கே என்று அவர் தலையைச் சொறிந்தார். ஊரில் யாரோ என்னைக் காட்டிவிட்டார்கள்.

"ஐயா, இந்த ரோட்டுல ரொம்ப வருஷம் வேலை பார்த்தவர் நீங்கதானாமே. இந்தக் கல் எப்பவும் இங்கயேதான் இருந்துச்சா? இல்ல, யாராவது இடம் மாத்தினாங்களா? மாத்தியிருந்தா பழைய இடத்துலயே கொண்டுபோய் வெச்சிடலாம்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். "எப்பவும் இங்கதான் சார் கீது. நான் வேலைக்கு வந்தப்பவே இங்கதான் பார்த்தேன்" என்றேன். அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டு கையெழுத்தும் வாங்கினார்.

மூன்றே மாதத்தில் சர்க்கார் ஆட்கள் வந்து பக்கத்தில் இரும்புக் கம்பி நட்டு நீலப் பலகை வைத்துவிட்டார்கள். ஆங்கிலேயர் காலத்துச் சாலைக் கல் என்றும், அந்தக் காலத்தில் பழைய ரோடு இந்த இடத்தில்தான் ஆற்றைக் கடந்து வளைந்து போனது என்றும் எழுதியிருந்தது. ரோடு அங்கே வளையவே இல்லை. என் பேச்சுக்கு ஏற்றபடி அவர்களே வளைத்துக்கொண்டார்கள். சுரண்டிக் கழுவியதில் சுண்ணாம்பெல்லாம் போய்க் கல் கறுப்பாக நின்றது. மஞ்சள் குங்குமம் வைக்கக் கூடாது என்று பலகையின் அடியில் ஒரு வரி. இனி அதை யாரும் பிடுங்க மாட்டார்கள் என்று எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் சாயங்காலம் நடந்து போய் அதன் எதிரில் நிற்கும்போது, யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு அழைக்காமல் போய்விட்டவன் மாதிரி இருந்தது. பைக்கில் வந்த பையன்கள் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

மகள் கல்யாணம் ஆகி மணவாள நகரில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்குக் கம்பெனி வேலை. போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் தனியாக வந்து நின்றாள். கையில் பை, அதில் அகல் விளக்கு, எண்ணெய், கற்பூரம், தேங்காய். இரண்டு தடவை கரு கலைந்து, முகம் வாடிப்போயிருந்தாள்.

"ஜோசியர் சொன்னாரு நைனா. அம்மா மண்ணு சரிஞ்சி செத்துச்சு இல்ல, அது உசுரு போன எடத்துல ஒரு வெளக்குகூட வெக்காம உட்டுட்டீங்களாம். அந்த எடத்துல வெச்சாதான் எனக்குத் தங்குமாம். எந்த எடம்னு காட்டு."

எனக்கு ஜோசியத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் இத்தனை வருஷம் கழித்து ஒருத்தர் வந்து அந்த இடம் எது என்று கேட்டதும் நெஞ்சு நிறைந்துவிட்டது. சொல்லிவிடலாம், இனி நான் ஒருத்தனாகச் சுமக்க வேண்டாம் என்று வேகமாக நடந்தேன். கல்லுக்கு முன்னால் நிறுத்தி, "இதான்மா. இதுக்கு நேர் கீழதான்" என்றேன்.

அவள் பலகையைப் படித்தாள். ஒரு தடவை என்னைப் பார்த்தாள், மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"இன்னா நைனா வெளையாடுற? இது வெள்ளக்காரன் வெச்ச கல்லு. நீ ஆயுத பூஜைக்குப் படைச்ச கல்லு."

"நான் நட்டதுமா. ஆபீசாண்ட கெடந்துச்சு, நான்தான் எடுத்தாந்து நட்டேன். உங்கம்மாவுக்குத்தான் படைச்சேன்."

"அப்ப போர்டுல எழுதிக்கீதே? படிச்சவங்க வந்து எழுதினது பொய்யா?"

"அவங்க என்னைத்தான் கேட்டாங்க. நான்தான் பொய் சொன்னேன்."

கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் என் தோளைத் தொட்டு, குழந்தையிடம் பேசுவது போலப் பேசினாள். "ஒண்டியா இருந்துகினு எதையாவது நெனச்சிக்கினே கெடக்குற நைனா. ஆத்தையே தலைகீழாத் தோண்டிட்டானுங்க, உனக்கு மட்டும் எப்படித் தெரியும்? எனக்கு நல்லா ஞாபகம் கீது. அன்னிக்கு என்னைத் தூக்கிக்கினு வந்து காட்டினாங்க. ஒரு பனமரம் இருந்துச்சு."

பனைமரம் இருந்தது உண்மை. கல்லுக்குப் பின்னால்தான் நின்றது. பொக்லைன் வந்த வருஷம் அது வேரோடு ஆற்றில் விழுந்துவிட்டது. இப்போது கண்ணுக்குத் தெரிகிற பனை நூறு அடி தள்ளி, அப்புறம் முளைத்து வளர்ந்தது. அதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் கண்ணில் என் மேல் இரக்கம்தான் கூடிக்கொண்டே போனது. சர்க்கார் பலகையும் ஏழு வயதுப் பிள்ளையின் ஞாபகமும் ஒரு பக்கம், ஏற்கெனவே ஒரு பொய்யில் கையெழுத்துப் போட்ட கிழவன் ஒரு பக்கம். யாராக இருந்தாலும் அவளைத்தான் நம்புவார்கள்.

"தப்பான எடத்துல வெச்சா பலிக்காது நைனா. எனக்குப் பயமா கீது" என்று சொல்லிவிட்டு அவள் பனைமரத்தைப் பார்த்து நடந்தாள். கையைப் பிடித்து இழுத்து வரலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவள் வயிற்றை ஒரு கையால் பிடித்தபடி நடந்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, மறுபடியும் உண்டாகியிருக்கிறாள், சொல்லப் பயந்துகொண்டு சொல்லாமல் இருக்கிறாள். நான் பின்னாலேயே போனேன்.

பனையடியில் கல்லையும் முள்ளையும் காலால் தள்ளி இடம் செய்தாள். ஆற்றுக் காற்றில் தீக்குச்சி நிற்கவில்லை. நான் உட்கார்ந்து இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டேன், விளக்கு பிடித்தது. அம்மா, அம்மா என்று வாய்விட்டு அழுதாள்.

"நல்லா வேண்டிக்கோ நைனா" என்றாள்.

வேண்டிக்கொண்டேன். அவள் அம்மா அங்கே இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான்.