பெட்டியில் வந்த முதல் படம்

விஸ்வநத்தத்தில் எனக்கு அறை கொடுத்திருந்த அண்ணன், பட்டாசு ஆலை விபத்தில் இரு கைகளும் வெந்து வீட்டோடு கிடந்தார். மனைவி கம்பெனி வேனில் ஏறி வேலைக்குப் போய்விட்டால், டிவியோடு இணைத்துப் படம் பார்க்கும் பழைய மீடியா பெட்டிதான் அவருக்குத் துணை. அதிலும் சத்தம் மட்டுமே வந்தது. சினிமாவைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் வகுப்போடு ஊர்சுற்றக் கிளம்பியவன் நான். செல்போன் கடைகளில் கற்றதை வைத்து, மின்சாரம் வந்ததும் முதலில் ஓடும் பூட்லோடர் நிரலைத் திருத்தி, திரையை எழுப்பும் வேலையை அதிலேயே சேர்த்தேன். சோதிக்க ஒரு படம் வேண்டியிருந்தது. அறையில் கிடந்த, வெடி சிதறும் படம் போட்ட பட்டாசு லேபிளைப் போனில் பிடித்து ஏற்றினேன். இந்த ஊரில் வண்ணம் என்றால் கைக்கு அகப்படுவது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அவர், மனைவி இருவர் முன்னாலும் சுவிட்சைப் போட்டேன். திரை முழுக்கத் தீப்பொறி சிதறியது. "வந்துட்டுண்ணே!" என்று கத்தினேன். அவர் கட்டுப்போட்ட கைகளால் முகத்தை மறைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார்.

"ஏலே, இங்கனயும் வெடிக்க விட்டுட்டியே!"

"சாப்பிட வாங்க தம்பி" என்று மட்டும் சொன்னார் அவர் மனைவி. தலை நிமிராமல் தின்றேன்.

அன்றே படத்தை எடுத்துவிட்டு வெறும் நீலமாக்கினேன். இப்போதும் நான் சுவிட்சைத் தொட்டால் அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். "நீலந்தாண்ணே" என்கிறேன். உடனே திறப்பதில்லை.