காலுக்கொரு சாயம்

வலக்காலில் கரும்பழுப்புச் செருப்பு, இடக்காலில் செம்பழுப்பு. என் தம்பி ஆம்ப்ரோஸ் இப்படித்தான் தினமும் வேலைக்குக் கிளம்புகிறான். இரண்டுமே அவன் கூட்டிய சாயங்கள். செருப்பின் அடியில் 42, 41 என்று சாயத்தின் எண்ணைப் போட்டிருப்பான். எங்கள் மர்பி டவுனில் சிரிக்காதவர் இல்லை. "ஒரே கலர் போட்டா எந்தச் சாயம் நிக்குது, எது ஓடுதுன்னு எப்டித் தெரியும்?" என்பான்.

யுத்தத்தால் ஜெர்மன் சாயம் நின்றுபோனதிலிருந்து, தோல் ஆலையின் பின்கொட்டகையில் தாரிலிருந்து எடுத்த சரக்கைக் கொண்டு இவனே சாயம் செய்கிறான். கலவை சூடேறினால் கெட்டுவிடும். அதனால் மரத்தூளில் பொதிந்த ஐஸ் கட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, கூப்பிட்டாலும் நிற்காமல் பறப்பான். மற்ற நேரத்தில் யாரைக் கண்டாலும் முதலில் குனிந்து, சாயம் ஒட்டுகிறதா என்று அவர் காலணியை ஈரக் கைக்குட்டையால் ஒரு தேய் தேய்ப்பான். பிறகுதான் "சௌக்கியமா?"

போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று, மாதா கோயிலில் சாமியார் சீடர்களாக உட்காரவைத்துப் பாதம் கழுவிவிடும் பன்னிரண்டு பேரில் இவனும் ஒருவன். அன்று போட்டிருந்தது பதினேழாம் எண் சாயச் செருப்பு. வியர்வையில் சாயம் காலில் இறங்கி, துடைத்த வெள்ளைத் துண்டு காப்பி நிறமாயிற்று. "யூதாஸ் காலுகூட இவ்ளோ அழுக்கா இருந்திருக்காது மேன்!" என்றாள் பாடகர் குழுவிலிருக்கும் பியாட்ரிஸ்.

இந்த வருஷம் முதலாளி சாயிபு கெடு வைத்துவிட்டார். "ஈஸ்டர் வரைக்கும் பாக்குறேன், ஆம்ப்ரோஸ். வேர்வைக்கு நிக்கலேன்னா கொட்டாய மூடிடுவேன்."

இவன் சாமியாரிடம் நேரே போய், பன்னிரண்டு பேரில் மறுபடியும் ஓர் இடம் கேட்டு வாங்கி வந்தான். எல்லாரும் வீட்டிலேயே பாதத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் கோயிலில் கழுவிக்கொள்ள வருவார்கள். நானும் சோப்பும் நாரும் எடுத்து வைத்தேன்.

"வேணாங்க்கா. நல்லா வேர்க்கணும். தொம்மலூர் வரைக்கும் நடந்துட்டு வரேன்."

"இந்த வெயில்லயா? பைத்தியமாடா ஒனக்கு?"

"வெள்ளத் துண்டு, தண்ணி, தேய்க்கிறதுக்கு சாமி! இதவிட டெஸ்டு எங்கக்கா கெடைக்கும்?"

வலது பாதத்தை மட்டும் கழுவுவதுதான் வழக்கம். சாமியார் தண்ணீர் ஊற்றினார். பியாட்ரிஸ் பாட்டை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். சாமியார் விரலிடுக்கெல்லாம் அழுத்தித் துடைத்தார். துண்டின் இரண்டு பக்கத்தையும் பார்த்தேன். வெள்ளை.

அவர் பாதத்தை முத்தமிட்டு, அடுத்தவரிடம் நகர எழுந்தார். அதற்குள் ஆம்ப்ரோஸ் 41 போட்ட இடது செருப்பையும் உதறிவிட்டு, அந்தக் காலையும் தாம்பாளத்தின் மேல் நீட்டினான்.