கக்கூஸ் சுவரில் ஒரு கம்பி

என் வீட்டுக்காரருக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. "உனக்கென்னம்மா, தங்கமான மனுஷன்" என்று திருத்தணி பஜாரில் பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தத் தங்கமான மனுஷனின் டிரில்லிங் மிஷின்களும் ரம்பங்களும் ஸ்பேனர் செட்டுகளும் பீரோவை நிறைத்து, கட்டிலுக்கு அடியில் புகுந்து, கடைசியில் சமையலறைப் பரணுக்கும் ஏறிவிட்டன. இட்லிக் குண்டானை எடுக்கக் கையை விட்டால் சுத்தியல் வருகிறது.

ஆசாரி வேலை அவருக்குப் பொழுதுபோக்கு. அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார். ஆவடிப் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. மின்சார ரயிலில் போகும்போதும் வரும்போதும் ஃபோனில் மிஷின் வீடியோதான். இத்தனை வருஷத்தில் அவர் செய்து முடித்தது ஒரே ஒரு செருப்பு ஸ்டாண்டு. அதுவும் ஆடும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆர்.கே.பேட்டையிலிருந்து அவருடைய கூட்டாளி வந்துவிடுவார். அவருக்கும் இதே வியாதி. புதிதாக வந்த மிஷினைச் சந்தையில் மாடு பார்ப்பதுபோல இரண்டு பேரும் தடவித் தடவிப் பார்த்து, மறுபடியும் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, டீ கேட்பார்கள்.

என்னமோ தொலையட்டும் என்றுதான் இருந்தேன், மாமனார் வரும்வரை.

மாமா திருவாலங்காட்டில் தனியாக இருந்து கரும்பு போட்டுக்கொண்டிருந்தவர். முட்டி ஆபரேஷன் முடிந்து தை மாதம் எங்களோடு வந்துவிட்டார். கக்கூஸில் பிடித்து எழுந்திருக்கப் பக்கச் சுவரில் ஒரு கம்பி கட்டாயம் வேண்டும், விழுந்தால் மறுபடியும் கத்திதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். இவர் அன்றைக்கே நல்ல ஸ்டீல் கம்பியாகப் பார்த்து வாங்கி வந்தார். "நானே அடிச்சிடுறேன் நைனா" என்றார். மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

கம்பி மூலையில் சாய்ந்து நின்றதுதான் மிச்சம். மிஷின் முனையில் சாதாரண பிட்டு மாட்டி ஓட்டை போட்டால் டைல்ஸ் வெடித்துவிடுமாம். டைல்ஸுக்கென்றே தனி பிட்டுக்கு ஆர்டர் போட்டார். அது வந்த பிறகு, இருக்கிற மிஷின்கள் எல்லாம் வேகம் ஜாஸ்தி, வேகத்தைக் குறைக்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்றார். அதுவும் வந்தது. அடுத்தது, கம்பி கோணாமல் இருக்கச் சுவரில் சிவப்புக் கோடு காட்டுகிற லேசர் லெவல். அதற்காகக் காத்திருந்தோம்.

"பஜார்ல ஒரு பிளம்பரக் கூப்டா கொஞ்ச நேர வேலைங்க" என்றேன்.

"வூட்ல இத்தினி சாமான் வெச்சிகினு வெளியாளக் கூப்புடறதா? எங்க வாட்ஸ்அப் குரூப்புல தெரிஞ்சா காறித் துப்புவானுங்க."

குரூப்பாம் குரூப்பு! எனக்கு வாயில் நல்லாவே வந்தது. மாமா கூடத்தில் உட்கார்ந்திருந்ததால் விழுங்கிக்கொண்டேன்.

சித்திரை வெயில் கொளுத்தத் தொடங்கியதும் மாமாவுக்கு நீர்க்கடுப்பு வந்துவிட்டது. சூடுதான் காரணம் என்று காலையிலேயே மோர் கரைத்துச் சொம்பில் ஊற்றிப் பக்கத்தில் வைத்தேன். மதியம் போய்ப் பார்த்தால் வைத்தது வைத்தபடி இருக்கிறது.

"இன்னா மாமா, ஒரு வாய்கூடக் குடிக்கல?" என்று சத்தம் போட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "குடிச்சா போவணும்மா. போனா எழுந்துக்க முடியல. ஒரு வாட்டி கொழாயப் புடிச்சிகினு அப்டியே ரொம்ப நேரம் உக்காந்துகினு இருந்தேன். அவன் கம்பி அடிக்கட்டும், அப்பறம் குடிச்சிக்கறேன்" என்றவர், "அவன்கிட்ட சொல்லாத. ஆசையா வாங்கி வெச்சிகினு கீறான்" என்றார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வீடு பூராவும் சாமான், பெற்ற அப்பன் தண்ணீர் குடிக்கப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்! முருகா, என்ன பிழைப்பு இது!

பெட்டிகளை இழுத்துப்போட்டுப் பிரித்தேன். பென்சிலால் குறி வைத்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மிஷினைச் சுவரில் அழுத்தினேன். அது போட்ட கூச்சலில் பல்லெல்லாம் கூசியது. ஒரு டைல்ஸ் மூலை பெயர்ந்து விழுந்தது. போனால் போகிறது என்று எல்லா ஓட்டையும் போட்டு, கம்பியை வைத்துத் திருகி முடித்தேன். இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. மாமாவைக் கூட்டிப் போய்க் காட்டினேன். அவரும் பிடித்து, உட்கார்ந்து, எழுந்து பார்த்தார். என் தலையில் கை வைத்தார்.

சாயங்காலம் இவர் கூரியர் ஆபீஸ் வழியாக, கையில் லேசர் லெவல் பெட்டியோடு, வாயெல்லாம் பல்லாக வந்தார். நேராகக் கக்கூஸுக்குப் போனவர் அங்கிருந்தே கத்தினார்.

"இன்னாடி இது, கோணலா கீது! டைல்ஸும் போச்சி! ஒரு நாள் பொறுக்கக் கூடாதா? இதோ வந்துட்ச்சி பாரு!"

நான் வாயைத் திறப்பதற்குள் கூடத்திலிருந்து மாமா கூப்பிட்டார். "அம்மாடி, மோரு இருந்தா கொண்டாம்மா."

கொண்டுபோய்க் கொடுத்தேன். சொம்பைத் தூக்கி அண்ணாந்தவர் கீழே இறக்கவே இல்லை. மோர் மோவாயில் வழிந்து சட்டையை நனைத்தது. இவர் பெட்டியோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"மெதுவா நைனா, பொரை ஏறப் போவுது. இன்னா இவ்ளோ தாகம்?"

மாமா துண்டால் வாயைத் துடைத்தார். "நீ கம்பி வாங்கினு வந்தியே, அன்னிலர்ந்துடா" என்று சொல்லிவிட்டு, "இன்னும் இருக்குதாம்மா?" என்று காலிச் சொம்பை என்னிடம் நீட்டினார்.

நான் வாங்குவதற்குள் இவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சொம்பை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார்.