நகராத பாட்டு

சுண்ணாம்புக்குளத்துக்குக் கிழக்கே, உப்புநீர் ஏரியை ஒட்டியிருக்கும் எங்கள் குடியிருப்பில் நாகம்மாளைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி கிடையாது. நான் குறையாகச் சொல்லவில்லை, அவளே சொல்லிக்கொள்வாள். பல்லி கத்தினால் பயம், நாய் கத்தாமல் இருந்தாலும் பயம். கணவன் ரங்கன் சூளை வேலைக்குப் போய்த் திரும்பக் கொஞ்சம் நேரமானால் போதும், வாசலுக்கும் பஸ் நிற்கும் இடத்துக்கும் நடையாய் நடப்பாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவள் காதுபடவே சொல்வார்கள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த பிழைப்போ ஏரியில் இறங்கிக் கையால் இறால் பிடிப்பது. கடவுளுக்குக் கிண்டல் தெரியாது என்று எவர் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்.

கையால் பிடிப்பது என்றால் வலை கிடையாது, படகு கிடையாது. கழுத்தளவு நனையும்படி தண்ணீரில் மண்டியிட்டு, அடிச்சேற்றைக் கையால் துழாவிக்கொண்டே நகர வேண்டும். விரலில் இறால் தட்டுப்பட்டால் அமுக்கிப் பிடித்துப் பறியில் போட வேண்டும். பறி என்பது ஓலையில் முடைந்த பை. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியின் வாய்க்கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். கண்ணுக்கு வேலையே இல்லை. விடியற்காலையில் இறங்கும்போது எதிரே சூரியன் தண்ணீரில் பட்டுக் கூசும், தலையைத் தூக்கிப் பார்த்தாலும் பக்கத்து ஆள் தெரியாது.

அதனால் எங்கள் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வாயில் கயிறு இருப்பதால் பேச முடியாது, ஆனால் முனகலாம். "ம்... ம்..." என்று ஒவ்வொருத்தியும் ராகம் போலவோ ரம்பம் போலவோ முனகிக்கொண்டே இருப்பாள். அந்தச் சத்தம் கேட்கிறவரை ஆள் நலம். நின்றால் மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். ஏரிக்குள் திருக்கை உண்டு, கெளுத்தி முள் உண்டு, படகு போக வெட்டிய பள்ளம் உண்டு. பள்ளத்தில் எவனோ அறுத்துப் போட்ட நைலான் வலையும் கிடக்கும்.

நாகம்மாளோடு இறங்குகிறவர்கள் இரண்டு பேர். ஒருத்தி முனியம்மா, பக்கத்து வீடு, வாய் கொஞ்சம் நீளம். இன்னொருத்தி ஜமுனா, ரங்கனின் தங்கை, நாகம்மாளுக்கு நாத்தனார். ஜமுனாவோ பயம் என்றால் என்ன விலை என்று கேட்பாள். திருக்கையைக் காலால் ஒதுக்கிவிட்டுப் போகிற பெண் அவள்.

நாகம்மாளின் கஷ்டம் என்னவென்றால், பயம் வந்தால் அவளுக்குத் தொண்டை வறண்டுவிடும். முனகல் வராது. முனகல் நின்றதும் மற்ற இரண்டு பேரும் அலறிக்கொண்டு திரும்புவார்கள். பார்த்தால் இவள் பாட்டுக்கு மண்டியிட்டு முழித்துக்கொண்டிருப்பாள்.

"உன்னால ஒரு நாளு பொழப்பு போச்சு," என்று முனியம்மா ஒருநாள் பறியைத் துப்பிவிட்டுக் கத்தினாள். "இன்னாதான் ஆச்சு உனக்கு?"

"காலுல ஏதோ உரசிச்சுக்கா."

"அது உன் புடவடி!"

ஜமுனா விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணி, பேசாம ஒரு பாட்டுப் பொட்டி வாங்கி இடுப்புல கட்டிக்க. உனக்கு பதிலா அது பாடும். நீ நிம்மதியா பயந்துக்கினு இருக்கலாம்."

அது கேலிக்குச் சொன்னது. நாகம்மாள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். இரண்டொரு நாளில் பஸ் ஏறி ஆரம்பாக்கத்தில் சுரேஷின் செல்போன் கடை வாசலில் போய் நின்றாள். உள்ளே நுழைய அவளுக்குக் கூச்சம். கண்ணாடிப் பெட்டி எதையாவது உடைத்துவிடுவோமோ என்று கையைப் புடவைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"பாட்டு கேக்கணும்," என்றாள்.

சுரேஷ் ஒரு செல்போனை எடுத்து வைத்தான். நாகம்மாள் ஓரடி பின்னால் போனாள்.

"போன் வேணாம்பா. அது கூப்புடும்."

"கூப்புட்டா பேசலாமே அக்கா?"

"எங்க ஊட்ல போன் அடிச்சப்பல்லாம் சாவு சேதிதான் வந்திச்சு. பாட்டு மட்டும் பாடறது குடு."

சுரேஷ் சிரிக்காமல் இருந்ததற்கு அவனுக்குப் புண்ணியம். ஒரு சின்ன எம்பி3 பிளேயரைக் காட்டினான். தீப்பெட்டியைவிடச் சின்னது. ஹெட்செட்டை அவள் காதில் மாட்டிப் பாட்டைப் போட்டான். அந்த நேரம் பார்த்து வாசலில் போகிற பால்காரர், வழியை மறைத்து நின்றவளின் தோளைத் தொட்டு ஒதுங்கச் சொல்ல, நாகம்மாள் போட்ட கூச்சலில் எதிர்க்கடைக்காரர் ஓடி வந்துவிட்டார்.

"காதை அடைச்சிட்டா பின்னால இன்னா வருதுன்னு எப்டிப்பா தெரியும்?" என்று ஹெட்செட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். கேள்வி நியாயமானது.

கடைசியில் ஸ்பீக்கர் வைத்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். சோப்புப் பெட்டி அளவு, சிவப்பு நிறம், பக்கவாட்டில் மெமரி கார்டு சொருகுமிடம். அதையும் ஒரேயடியாக எடுக்கவில்லை. சூடானால் வெடிக்குமா, மழையில் ஷாக் அடிக்குமா, தானாகப் பேசுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கார்டில் என்ன பாட்டு ஏற்ற வேண்டும் என்று சுரேஷ் கேட்டபோது மட்டும் அவளுக்குப் பதில் தயாராக இருந்தது.

"சாமி பாட்டு போடு. சினிமா பாட்டு போடு. தெலுங்குல நல்லா குத்துப் பாட்டு இருந்தா அதும் போடு. அழுவற பாட்டு மட்டும் ஒண்ணுகூட வேணாம்."

மறுநாள் தெர்மாகோல் துண்டு ஒன்றில் குழி தோண்டி, பிளாஸ்டிக் உறை போட்ட பெட்டியை அதற்குள் வைத்து, நூல்கயிற்றால் தன் இடுப்போடு கட்டிக்கொண்டு ஏரியில் இறங்கினாள். அவள் நகர நகர, தெர்மாகோல் கன்றுக்குட்டி மாதிரி பின்னாலேயே மிதந்து வந்தது. அம்மன் பாட்டு முடிந்ததும் குத்துப் பாட்டு, அது முடிந்ததும் காதல் பாட்டு. பெட்டிக்குப் பக்தியும் தெரியாது, வெட்கமும் தெரியாது. முனியம்மாவே தண்ணீருக்குள் தோளைக் குலுக்கினாள்.

நம்பினால் நம்புங்கள், நாகம்மாளுக்குப் பயம் குறைந்தது. பாட்டு கூடவே இருந்தபோது காலில் உரசுவது புடவையாகவே இருந்தது. கை தைரியமாகச் சேற்றுக்குள் போனது. பறி நிறைந்தது. வீட்டில் ரங்கன் தாமதமாக வந்தாலும் பெட்டியைச் சார்ஜில் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறந்ததிலிருந்து தூக்கிச் சுமந்த ஒன்றை இறக்கி வைத்தாற்போல இருந்தது அவளுக்கு, பாவம்.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை. பாட்டு பாடுகிறதே என்று நாகம்மாள் முனகுவதை விட்டாள். பாட்டைக் கேட்கத் தடையாக இருக்கிறதென்று முனியம்மா விட்டாள். ஜமுனாவுக்கு ஆரம்பத்திலிருந்தே அந்த முனகல் பிடிக்காது, அவளும் விட்டாள். மூன்று பேருக்கும் சேர்த்துப் பெட்டி ஒன்றே குரல் கொடுத்தது.

தை மாதக் குளிரில் ஒரு காலை. இறங்குமுன் ஜமுனா கேட்டாள், "அண்ணி, இன்னிக்கு பொட்டிய நான் கட்டிக்கிறேன். தெனம் உன் பின்னாலயே பாடுது."

நாகம்மாளுக்குக் கொடுக்க மனமில்லை. பழைய பயம் எட்டிப் பார்த்தது. ஆனால் நாத்தனார் ஆசைப்பட்டுக் கேட்கிறாள். தன் கையாலேயே ஜமுனாவின் இடுப்பில் கயிற்றைக் கட்டி, அவிழாமல் இருக்க இரண்டு முடிச்சுப் போட்டாள். மூவரும் பிரிந்து இறங்கினார்கள். ஜமுனா வழக்கம்போலத் தூரமாகப் போனாள், படகுப் பள்ளம் இருக்கும் பக்கம்.

பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. நாகம்மாள் அதைக் காதால் பிடித்துக்கொண்டு வேலை செய்தாள். முதலில் அது இடப்பக்கம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் முன்னால் கேட்டது. அப்புறம் அங்கேயே கேட்டது. ஜமுனாவுக்கு நல்ல இடம் கிடைத்துவிட்டது போல, அள்ளுகிறாள் என்று நினைத்தாள். கொஞ்சம் பொறாமைகூடப் பட்டாள்.

இன்னும் அங்கேயே கேட்டது.

இறால் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்காது. பிடிக்கிறவளும் உட்கார்ந்திருக்க முடியாது. ஆள் நகர்ந்தால் கயிறு நகரும், கயிறு நகர்ந்தால் பாட்டு நகரும். இந்தப் பாட்டு நகரவில்லை. நாகம்மாள் பறியைத் துப்பினாள்.

"ஜமுனா!"

பாட்டுதான் பதில் சொன்னது. ஒருவன் காதலியின் கண்ணைப் புகழ்ந்துகொண்டிருந்தான்.

"முனிம்மாக்கா, ஜமுனா சத்தத்த காணோம்!"

முனியம்மா திரும்பக்கூட இல்லை. கயிற்றை ஒரு கையால் வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னாள், "பாட்டு வருதில்ல? அங்கதான் கீறா. ஆரம்பிச்சிட்டியா மறுபடியும்?"

நாகம்மாளுக்கு இப்போது இரண்டு பயம். போய்ப் பார்த்தால் பள்ளம். போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்றால் ஊர் சிரிப்பு. இருந்தும் போனாள். தண்ணீரை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு, "ஜமுனா, ஜமுனா" என்று அழுதுகொண்டே போனாள்.

தெர்மாகோல் மிதந்துகொண்டிருந்தது. பெட்டி பாடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கயிறு நேராகக் கீழே, கலங்கிய தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. பக்கத்தில் ஆள் இல்லை.

அந்தக் கயிற்றைப் பார்த்த நொடியில் நாகம்மாள் கத்தினாள். இம்முறை முனியம்மா திரும்பினாள். நாகம்மாள் கயிற்றைப் பிடித்துக் கீழே துழாவினாள். கைக்கு முடி தட்டுப்பட்டது. அப்படியே கொத்தாகப் பிடித்து இழுத்தாள். முகம் மேலே வந்தது, கண் சொருகியிருந்தது. உடம்பு வரவில்லை. பள்ளத்தில் கிடந்த நைலான் வலை ஜமுனாவின் இரண்டு காலையும் சுற்றியிருந்தது. முகத்தைத் தண்ணீருக்கு மேலே நாகம்மாள் தாங்கிக்கொள்ள, முனியம்மா வந்து முங்கி வலையைப் பிய்த்தாள். இடுப்புக் கயிறு குறுக்கே சிக்க, அதைப் பல்லால் கடித்து அறுத்துப் போட்டார்கள். எப்படித்தான் கரைக்கு இழுத்து வந்தார்களோ.

கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினார்கள், மல்லாத்தி நெஞ்சை அமுக்கினார்கள், பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நாகம்மாள் தெரிந்த சாமிகள் எல்லாரையும் திட்டினாள். திட்டு பலித்ததோ என்னவோ, ஜமுனா தண்ணீரைக் கக்கினாள், இருமினாள், மூச்சு விட்டாள். போன உயிர் திரும்பி வந்தது. மூன்று பேருக்குமே வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

பேச்சு வந்ததும் ஜமுனா முதலில் சொன்னது இதுதான். "மேல வந்து வந்து கத்துனேன் அண்ணி. மூக்கு வெளிய வரும்போதெல்லாம் கத்துனேன். பாட்டு சத்தத்துல உங்களுக்கு கேக்கல."

நாகம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஏரிக்குள் பெட்டி இன்னும் பாடிக்கொண்டிருந்தது. அறுந்த கயிற்றோடு மிதந்துகொண்டு, கேட்க ஆளில்லாத குத்துப் பாட்டு. ஜமுனா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "அத நிறுத்துங்க. யாராவது போய் நிறுத்துங்க."

"சார்ஜ் தீந்தா தானா நிக்கும், உடு," என்றாள் முனியம்மா. அவளும் தண்ணீரைப் பார்க்காமல் வேறுபக்கம் உட்கார்ந்திருந்தாள்.

நாகம்மாளுக்குத் தெரியும், அது சாயங்காலம்வரை பாடும். முந்தின நாள் அவள்தான் நிறையச் சார்ஜ் ஏற்றி வைத்தாள். எழுந்தாள். திரும்ப ஏரியில் இறங்கினாள்.

அப்போது அவளுக்கு இருந்த பயத்தை எழுத என்னிடம் வார்த்தை இல்லை. காலடியில் எங்கே வலை இருக்கிறது, எங்கே பள்ளம் தொடங்குகிறது, ஒன்றும் தெரியாது. ஒவ்வோர் அடியையும் வைக்குமுன் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். வெயில் கண்ணில் அடித்தது. அவள் போய்ச் சேர்ந்து, தெர்மாகோலைப் பிடித்து, பட்டனை அழுத்தினாள்.

பாட்டு நின்றது. ஏரி அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. அந்தப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, வாய்விட்டு அழவும் தெம்பில்லாமல் நின்றாள்.

கரையிலிருந்து பார்த்தவர்களுக்குச் சூரியன் தவிர வேறொன்றும் தெரியவில்லை. பாட்டு நின்றுவிட்டது, ஆளும் தெரியவில்லை. எழுந்து உட்காரவே முடியாத ஜமுனா எப்படியோ எழுந்தாள். "அண்ணி!" என்று கத்தினாள். குரல் கம்மிப்போய்க் காற்றுதான் வந்தது. "அண்ணீ! அண்ணீ!" முனியம்மா பிடிக்கப் பிடிக்க உதறிவிட்டுத் தடுமாறித் தண்ணீருக்குள் ஓடினாள், முழங்காலளவு தண்ணீரில் விழுந்தாள்.

வெளிச்சத்துக்குள்ளிருந்து நாகம்மாள் நடந்து வந்தாள். ஜமுனா அவள் புடவையைப் பிடித்து இழுத்து, தோளிலும் கையிலும் பட்பட்டென்று அடித்தாள். அடித்துக்கொண்டே அழுதாள்.

"அறிவு கீதா உனக்கு? இப்பதான் ஒருத்திய தூக்கி வந்தீங்க, மறுபடி அங்கயே போறியே, நீ பூட்டா நான் இன்னா பண்ணுவேன்? பயமே கெடையாதா உனக்கு? கொஞ்சம்கூட கெடையாதா?"

இத்தனை வருஷத்தில் நாகம்மாளைப் பார்த்து இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. ஊரில் எல்லாருக்காகவும் அவள் பயந்திருக்கிறாள். அவளுக்காக ஒருத்தி இப்படி நடுங்குவதை அன்றைக்குத்தான் பார்த்தாள். முனியம்மா கரையில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், சிரிக்கவில்லை.

நாகம்மாள் ஜமுனாவின் ஈரத் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"கீதுடி," என்றாள். "ரொம்ப கீது. கைய பிடிச்சிக்க, மேல போலாம்."