காந்தத்தைத் திருப்பிப் பார்த்த நாள்

ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் அவளைக் குகையம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஜன்னல் இல்லாத லேசர் அறைக்குள் காலையில் நுழைந்தால் வெளியே மழையா வெயிலா என்றுகூடத் தெரியாது. வருடக்கணக்காக ஒரே வேலை: மெல்லிய உலோகப் படலத்தின் மேல் லேசர் துடிப்பை அடித்து, அதன் காந்தம் என்ன ஆகிறது என்று பார்ப்பது. அந்தத் துடிப்புக்கு முன்னால் கண் சிமிட்டும் நேரமே ஒரு யுகம். அடி விழுந்ததும் காந்தம் சட்டென்று குறையும். அது தெரிந்த சங்கதி. இவள் செய்த கலப்புப் படலத்தில் மட்டும் கூடியது! கட்டுரை எழுதி அனுப்பியாயிற்று. அது வெளிவந்தால் கணவனும் மகளும் இருக்கும் ஊரிலேயே வேலை தருவதாகப் பேச்சு.

கட்டுரையை மதிப்பிட்டவர் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்: படலத்தின் பக்கத்திலுள்ள காந்தத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தீர்களா? பார்க்கவில்லை. அதைச் சுழற்றும் மேடை இறுகிக் கிடந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவள் சாட்சாத் இவளேதான். இன்று எண்ணெய் போட்டு, மல்லுக்கட்டித் திருப்பினாள். லேசர் அடியில் நிஜமாகவே காந்தம் கூடியிருந்தால், இப்போது திரையில் கோடு தலைகீழாக வேண்டும். அது இம்மியும் மாறவில்லை. படலம் சூடாகி ஒளியைக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பியனுப்பியிருக்கிறது. அதைப் போய்க் காந்தம் என்று இவளும் பேராசிரியரும் கொண்டாடியிருக்கிறார்கள். அவளுக்குக் கால் கட்டைவிரல்வரை அலுப்பு இறங்கியது.

பேராசிரியர் வந்து பார்த்துவிட்டுத் தாடையைத் தடவினார்.

"மேடை ரிப்பேர், திருப்ப முடியலன்னு எழுதிடலாமேம்மா. யாரு வந்து பாக்கப்போறா?"

"யாரும் பாக்கமாட்டாங்க சார். ஆனா காலம் பூரா இந்தப் பொய்யக் கட்டிக்கிட்டு என்னால மாரடிக்க முடியாது. வாபஸ் வாங்கிடலாம்."

உண்மைக்காகத் தியாகம் செய்தாள் என்று யாரும் மாலை தூக்கிக்கொண்டு வர வேண்டாம். அவளுக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

மத்தியானம் மாடிப்படியில் உட்கார்ந்து கணவனுக்குப் போன் செய்தாள்.

"என்னங்க, அந்த வேலை கெடைக்காது. கட்டுரைய வாபஸ் வாங்கிட்டோம்."

"சரிம்மா. சாப்ட்டியா?"

"பாப்பாகிட்ட நானே சொல்றேன். பாவம், ஆசையா இருந்திருப்பா."



"வேணாம்மா. நீ வரப்போறேன்னு நான் அவகிட்ட சொல்லவே இல்ல. போன தடவ சொல்லிட்டு, அவளத் தேத்த முடியாம நான் பட்டது போதும்."